அத்தையின் முழங்கால்

குரோம்பேட்டையில் இருக்கும் என் அத்தைக்கு 74 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. தி.நகர் போய்வரக் கிளம்பினால் அவர் போடும் கணக்கில் கிலோமீட்டர் வராது. எத்தனை படி ஏற வேண்டும், எங்கே உட்காரலாம், பாத்ரூம் எங்கே இருக்கும் என்பதுதான் கணக்கு. மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் விடை கிடைக்காது. அதனால் காலை காபிக்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் கிளம்புவார். "ஒரு நாள் தொண்டை காய்ஞ்சா செத்தா போயிடுவேன்?"

ஆண்டுதோறும் 'வாழத் தகுந்த நகரங்கள்' பட்டியல் வெளியாகிறது. வியன்னா, கோபன்ஹேகன் என்று முதலிடங்கள் அறிவிக்கப்படும். வெளிநாட்டுக்கு அனுப்பும் ஊழியருக்குக் கூடுதலாக எவ்வளவு படி கொடுக்கலாம் என்று நிறுவனங்கள் முடிவு செய்யவும் இத்தகைய பட்டியல்கள் பயன்படுகின்றன. அத்தையின் கவலை வேறு படியைப் பற்றியது. ஒரு நகரம் நல்ல நகரமா என்று கேட்டால், நான் பட்டியலைவிட அத்தையின் முழங்காலைத்தான் நம்புவேன்.

மாம்பலம் ரயில் நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் அங்கே இறங்கி தி.நகர் பேருந்து நிலையம் போக ரங்கநாதன் தெருவில் நீந்த வேண்டும். தீபாவளி நெருக்கத்தில் நாம் நடக்கவே தேவையில்லை, கூட்டமே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். 2023 மே மாதம் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைத்து, சுமார் 570 மீட்டர் நீளத்துக்கு ஆகாய நடைபாதை திறந்தார்கள். லிஃப்ட் உண்டு, நகரும் படிக்கட்டு உண்டு. அத்தை அதில் முதல்முறை நடந்தபோது பாதியில் நின்று, கீழே தெரிந்த கூட்டத்தை ஐந்து நிமிடம் வேடிக்கை பார்த்தார். நாற்பது வருஷமாக அந்தக் கூட்டத்துக்குள்ளேயே இருந்தவர் அதை மேலிருந்து பார்த்தது அன்றுதான்.

அடுத்தது பாண்டி பஜார். 2019 நவம்பரில் தியாகராயர் சாலையைச் சுருக்கி, நடைபாதையை அகலப்படுத்தி, இருக்கைகள் போட்டார்கள். வண்டிகள் இன்னமும் போகின்றன, சில இடங்களில் பைக்குகள் நடைபாதையிலேயே ஏறி நிற்கின்றன. இருந்தாலும் எதையும் வாங்காமல் ஒரு கடைத்தெருவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க முடிகிறது. யாரும் வந்து "என்ன வேணும்?" என்று கேட்பதில்லை. ஏ.சி. மாலில்கூட உட்காரலாம்தான், ஆனால் அங்கே காவலாளியின் பார்வைக்கு ஒரு விலை இருக்கிறது.

பேருந்து விஷயத்தில் அத்தை கட்சி பேதம் பார்க்காமல் மகிழ்ச்சியாக இருக்கிறார். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. மிச்சமாகும் பணத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அத்தைக்குக் கிடைத்தது துணிச்சல். "தப்பான பஸ்ல ஏறிட்டா இறங்கி அடுத்ததுல ஏறிக்கறேன், காசா பணமா?" வழி தவறினாலும் நஷ்டமில்லை என்றான பிறகு, தெரியாத தெருக்களுக்கும் தனியாகப் போய்வருகிறார். ஒரே குறை, அந்தப் பேருந்துகள் பலவற்றின் முதல் படி ஏறக்குறைய அவர் முழங்கால் உயரம். யாராவது கை கொடுக்க வேண்டும். பெரும்பாலும் கொடுக்கிறார்கள்.

எல்லாமே இப்படி மேம்பட்டுவிட்டது என்று சொல்லவில்லை. தி.நகரே 1920-களில் ஓர் ஏரியைத் தூர்த்து எழுப்பிய ஊர். மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ ரோடு இருக்கிறது, லேக்தான் இல்லை. 2021 நவம்பர் மழையில் தி.நகர் தெருக்களில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றபோது, ஏரி தன் பழைய விலாசத்துக்குத் திரும்பி வந்ததுபோல இருந்தது. அந்த வாரம் அத்தை வீட்டைவிட்டு நகரவில்லை.

மெரினா கதையும் சொல்ல வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு ஆண்டில் சில நாட்கள் மட்டும் மணலில் தற்காலிகப் பாதை போடுவது வழக்கமாக இருந்தது. மற்ற நாட்களில் அவர்களுக்கு அலை என்பது தூரத்துச் சத்தம்தான். 2022 நவம்பர் கடைசியில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே நிரந்தர மரப்பாதை திறந்தார்கள். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மாண்டஸ் புயல் வந்து அதன் ஒரு பகுதியைப் பெயர்த்துப் போட்டது. ஊரே கேலி செய்தது. பிறகு அதைச் சீரமைத்தார்கள். கட்டியதைவிட, உடைந்த பிறகு 'போதும்' என்று விட்டுவிடாமல் மறுபடி போட்டதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. திறப்பு விழாவுக்கு ஆயிரம் பேர் வருவார்கள், பழுது பார்க்க யார் வருகிறார்கள்?

போன மாதம் பாண்டி பஜாரில் அத்தையை ஒரு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு இளநீர் வாங்கிவந்தேன். கொளுத்துகிற வெயில். கையில் வாங்கிக்கொண்டு இடமும் வலமும் நீளமாகப் பார்த்தார். இரண்டே வாய் குடித்துவிட்டு, "மீதியை நீ குடிப்பா" என்று என்னிடம் நீட்டினார்.