முன்மாரியும் பின்மாரியும்

தை மாசி வறட்சியில் வாடிய தேயிலை பங்குனி சித்திரையின் இடிமழை கண்டபின்னரே கொழுந்துவிடும் என்பதையும், ஐப்பசியில் மறுபடியும் வானம் இருளும் என்பதையும் கண்டியை அடுத்த வத்தேகமப் பகுதித் தோட்டங்களில் சிறுபிள்ளையும் அறியுமாதலால், யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருக்கும் பயிர்க்காரனைப் பற்றி உபதேசியார் வாசிக்கும்பொழுது, அவ்வுவமைக்கு இங்கே வியாக்கியானம் வேண்டியதில்லை. பலஸ்தீன தேசத்திலும் ஏறக்குறைய இதே மாதங்களில்தான் அவ்விரு மழைகளும் பெய்கின்றன.

ஆயினும் வேதபாட வகுப்புகளில் பெரும்பாலும் ஏழாம் வசனத்திலிருந்தே வாசிப்புத் தொடங்குவது எனக்கு உவப்பாயில்லை. அதற்கு முந்திய ஆறு வசனங்களில், வயலறுத்தவனின் கூலியைப் பிடித்துவைத்த ஐசுவரியவான்களை அப்போஸ்தலர் கடிந்துகொள்ளும் கடுமை வேறெந்த நிருபத்திலும் காண்பதரிது. ஈரத்துக்கும் சாக்குக்குமாகக் கழித்தபின் தராசில் கொழுந்து குறைந்தால் முழுநாட் கூலியாகிய முழுப்பேர் அரைப்பேராகிவிடும் என்ற கவலையோடு மாலையில் நிறுவைக்கு நிற்கும் பெண்ணுக்கு, அந்த ஆறு வசனங்களையும் மறைத்துவிட்டுப் பொறுமையை மட்டும் போதிப்பது வேதத்தைப் பாதியாக்குவதாகும். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராகி, 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என்று தொகையாகப் பங்கிடப்பட்டு, எஞ்சியோர் 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருந்த இத்தோட்ட ஜனசமூகத்துக்குக் காத்திருக்கக் கற்பிக்கத்தான் வேண்டுமா?

பொறுமைக்கு யாக்கோபு உதாரணமாகக் காட்டும் யோபுவோ வாய்மூடி இருந்தவரல்லர். முதலிரண்டு அதிகாரங்களில் அடங்கியிருந்தவர், மூன்றாவதில் தாம் பிறந்த நாளையே சபித்து, பின்னர் ஆண்டவரிடமே நியாயம் கேட்கிறார். முடிவில் தேவகோபத்துக்கு ஆளானவர்கள், அவருக்குப் புத்தி சொல்ல வந்த சிநேகிதர்களே.

பொறுமை என்பது கிரியையுள்ளது என்பதற்குக் கண்டியிலேயே சாட்சியுண்டு. கோவாவைச் சேர்ந்த பெனாலிமில் 1651இல் பிறந்த யோசேவாஸ் முனிவர், ஒல்லாந்தர் கத்தோலிக்க குருமாரைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் ஏழையின் வேடத்தில் யாழ்ப்பாணம் சேர்ந்து, மறைவாகத் திருப்பணி செய்து, 1692இல் கண்டி இராச்சியத்தை அடைந்தபோது, போர்த்துக்கேய ஒற்றர் என்ற பழியின்மேல் சிறைப்பட்டார். அச்சிறையை அவர் பள்ளிக்கூடமாக்கிக்கொண்டு, அங்கேயே சிங்களம் கற்றார். தப்பியோட முயலாத கைதி என்று கண்ட காவலர் சற்றே இளக, குடிசையொன்றை ஆலயமாக்கிப் பூசை செய்தார். கொடிய வறட்சியில் அரசன் விமலதர்மசூரியன் அவரை வேண்டிக்கொள்ள, வெளியிலே பீடமும் சிலுவையும் நிறுத்தி அவர் செபித்ததும் மழை பெய்ததென்பது வழிவழி வரும் வரலாறு. மழையை நம்பாதவரும் 1697ஆம் ஆண்டின் பெரியம்மையை நம்பலாம்: நோயாளரை உறவினரே காட்டில் விட்டுச்சென்ற அந்நாளில், அவரும் அவருடைய உடன்குருவாகிய கர்வாலியோ அடிகளும் அவர்களுக்குக் கொட்டில் அமைத்து, உணவூட்டிப் புண்கழுவி, இறந்தோரை அடக்கமும் செய்தனர். 1711 சனவரி 16இல் கண்டியிலேயே காலமான அவரை, 2015 சனவரி 14இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார்.

ஆதலின், சபைபேதமின்றித் தோட்டக் கோவில்களில் வேதபாடம் நடத்தும் உபதேசியார்மாரை யான் வேண்டிக்கொள்வது இது ஒன்றே: அடுத்த முறை இவ்வதிகாரத்தை எடுக்கும்பொழுது, தயவுசெய்து முதலாம் வசனத்திலிருந்தே வாசியுங்கள்.