ஊசி போட்டுக் கறந்த பால்

"டாக்டர், ஊசி போட்டுக் கறந்த பாலைக் குடிச்சா பொம்பளப் பிள்ளைங்க சீக்கிரம் வயசுக்கு வந்துருமாமே?" கால்நடை மருத்துவரான என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது.

அந்த ஊசி ஆக்ஸிடோசின். கன்று மடியை முட்டும்போது மாட்டின் உடம்பில் தானாகவே சுரப்பதும் இதே ஹார்மோன்தான். உடனே பால் இறங்கும். கன்று செத்துப்போன எருமை பாலை அடக்கிக்கொள்ளும்போது சிலர் ஊசியைத் தேடுகிறார்கள். 9 அமினோ அமிலங்கள் கோத்த இந்தச் சிறு புரதம் நம் வயிற்றில் செரித்துவிடும். சீக்கிரம் பருவமடைவதற்கு இதுதான் காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை.

ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள் வேறு ரகம். ஊசியே போடாத மாட்டின் பாலிலும் இருக்கும். கொழுப்பில் கரையும் என்பதால் வெண்ணெயில் அதிகம். சினை முற்ற முற்றப் பாலில் ஈஸ்ட்ரோஜன் கூடும். ஆனால், பெரியவர்களின் உடம்பு தினமும் சுரப்பதோடு ஒப்பிட்டால் ஒரு டம்ளர் பாலில் உள்ளது சொற்பம்.

ஊசியால் அவதிப்படுவது மாடுதான். பழகிவிட்டால் ஊசி இல்லாமல் பால் விடாது. மாட்டின் உடல்நலம் கெடும்படி பாலுக்காக ஊசி போடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வெதுவெதுப்பான நீரில் மடியைக் கழுவி, முன்னால் தவிடு வைத்து, பழகிய கை கறந்தாலே பெரும்பாலான மாடுகள் பால் விடும்.