அரிசி இருக்கிறது, சத்து எங்கே?

கட்சால் என்று ஒரு தீவு. நிக்கோபார் தீவுக் கூட்டத்தின் நடுவில் இருக்கிறது. நிக்கோபாரி மக்கள்தாம் அதன் பூர்வகுடிகள். தமிழ்க் குடும்பங்களும் அங்கே உண்டு. 1964-இல் இந்தியாவும் இலங்கையும் ஓர் ஒப்பந்தம் செய்தன. அதன்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்கள் இவர்கள். ரப்பர் தோட்ட வேலைக்காக அங்கே குடியேறினார்கள். ரப்பர் மரத்திலும் பால் வடியும். ஆனால் அது பிள்ளைக்குக் கொடுக்கிற பால் இல்லையே! அரிசியும் பருப்பும் கப்பலில்தான் வர வேண்டும்.

நிக்கோபாரி மக்கள் அப்படிக் கப்பலை மட்டும் நம்பி இருந்தவர்கள் இல்லை. தேங்காய் அவர்களுக்கு உணவு. வளர்க்கும் பன்றிக்கும் கோழிக்கும் அதுதான் தீனி. மீன், கிழங்கு, பன்றி இறைச்சி எல்லாம் உண்டார்கள். தாழை இனத்தில் ஒரு மரம் அங்கே இருக்கிறது. அதன் பெரிய பழத்தை வேகவைத்து, சதையை வழித்துச் சாப்பிடுவார்கள். அந்தச் சதையில் கண்ணுக்கு நல்ல சத்து இருக்கிறது.

2004 டிசம்பர் 26. சுனாமி வந்தது. நிக்கோபாரில் மிக மோசமாக அடிபட்ட தீவுகளில் கட்சாலும் ஒன்று. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் ஏராளம். நிலநடுக்கத்தால் கரையோர நிலம் தாழ்ந்தது. தென்னந்தோப்புகளில் உப்புநீர் புகுந்தது. மரங்கள் பட்டுப்போயின. பன்றிகள் போயின. புதுத் தென்னங்கன்று காய்க்க ஆறேழு ஆண்டு ஆகுமே! அதுவரை என்ன செய்வது?

அரசு இலவசமாக அரிசியும் பருப்பும் கொடுத்தது. அன்று அதுதான் உயிரைக் காத்தது. அதைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் அடுப்பில் ஏறுகிற பொருள் மாறிவிட்டது. பழைய பழமும் கிழங்கும் குறைந்தன.

இது கட்சாலின் கதை மட்டுமா? நம் ஊரிலும் ரேஷன் அரிசி கிடைக்கிறது. வயிறு நிறைகிறது. பசி போய்விட்டது என்று நினைக்கிறோம். அரிசி உழைக்கத் தெம்பு தரும். ஆனால் அதில் இயல்பாக இரும்புச் சத்து குறைவு. வைட்டமின் 'ஏ' இல்லவே இல்லை. இரும்புச் சத்து குறைந்தால் இரத்தசோகை வரும். நடந்தால் மூச்சு வாங்கும். வைட்டமின் 'ஏ' குறைந்தால் பிள்ளைக்கு மாலையில் கண் சரியாகத் தெரியாது. இந்தப் பசி வெளியே தெரியாது. பிள்ளை அழாது, சோர்ந்து உட்கார்ந்திருக்கும். "சாதுவான பிள்ளை" என்று நாம் சொல்லிக்கொள்வோம்!

சோற்றோடு ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை சேருங்கள். நெத்திலிக் கருவாடு விலை குறைவு. முள்ளோடு மென்று தின்றால் எலும்புக்கு நல்லது. குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். தண்ணீர்கூட வேண்டாம். அதன் பிறகு தாய்ப்பாலோடு குழைத்த சோறு, பருப்பு, முட்டை கொடுக்கலாம்.

அங்கன்வாடி 1975-இல் தொடங்கிய திட்டம். கர்ப்பிணிக்கும், பால் கொடுக்கும் தாய்க்கும், ஆறு வயது வரை பிள்ளைக்கும் அங்கே உணவு உண்டு. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது உங்கள் உரிமை. யாரும் போடுகிற பிச்சை அல்ல. போகும்போது பிள்ளையின் எடையைப் பார்க்கச் சொல்லுங்கள். கையின் மேற்பகுதியையும் நாடாவால் அளக்கச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு மேல், ஐந்து வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.