நரியைப் பரியாக்கும் வித்தை

மதுரைக்கு வடகிழக்கே மேலூர்த் தாலூகாவில் உள்ள திருவாதவூரின் பெயரைக் கேளாத தமிழர் அரியர். அவ்வூரிற் பிறந்த மாணிக்கவாசகர் பாண்டியனுக்கு மந்திரியாக அமர்ந்ததும், படைக்குக் குதிரை வாங்கி வரும்படி அரசன் கொடுத்தனுப்பிய பொன்னைத் திருப்பெருந்துறையில் சிவத்தொண்டுக்குச் செலவிட்டதும், காட்டு நரிகள் பரிகளாகி மதுரை வந்து சேர்ந்ததும், அன்றிரவே அவை மறுபடியும் நரிகளாகி லாயத்தையே கலக்கிவிட்டு ஓடியதும் பாட்டிமார் சொல்லிக் குழந்தைகள் கேட்டு வருகிற கதை. பக்தர்கள் அதிற் காணும் பொருள் வேறு. லௌகிகத்தில் கிடந்து உழலும் நமக்கோ, விலை கொடுத்து வாங்கிய போர்ச் சாதனத்தை அந்தப் பாண்டியன் வாங்குமுன் இன்னும் சற்று உற்றுப் பார்த்திருக்கலாமே என்றுதான் தோன்றுகிறது.

துப்பாக்கியிலும் ஒரு குதிரை உண்டு. பழைய துப்பாக்கியில் மருந்தைப் பற்றவைக்க மேலே தூக்கி விழுகிற பகுதிக்குத் தமிழில் குதிரை என்றே பெயர். இந்தக் குதிரையை வாங்க விரும்புகிறவர்கள் நம் பக்கத்துக் குடும்பங்களிலும் இப்போது இருக்கிறார்கள். 2008ஆம் ஆண்டு பீஜிங் ஒலிம்பிக்ஸில் அபிநவ் பிந்த்ரா காற்று ரைபிள் சுட்டுத் தங்கப் பதக்கம் கொண்டுவந்தார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019ஆம் ஆண்டு ரியோ டி ஜெனீரோவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் அதே பந்தயத்தில் தங்கம் வென்றார். இவற்றையெல்லாம் பார்த்த பிள்ளைகள், 'நமக்கும் ஒரு ரைபிள் வாங்கலாமே, வீட்டிலேயே அதை நம் கைக்கு ஏற்றபடி செப்பனிட்டுக் கொள்ளலாமே' என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. அதற்கு விடை சொல்வதற்குத்தான் சரித்திரம், சட்டம், தச்சு வேலை ஆகிய மூன்றும் வேண்டியிருக்கின்றன.

மேல்நாட்டுக் கதையை முதலில் சொல்லி விடுவோம். இரண்டாவது உலக யுத்தம் முடிந்ததும், பிரிட்டிஷ் படைகள் தோளிற் சுமந்த லீ-என்பீல்டு ரைபிள்கள் மிகுதியாகிப் போயின. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் அவற்றை மலிவாக விற்றார்கள். வாங்கியவர்கள் வீட்டுக் கொல்லையில் மேஜை போட்டு, குழலை நுனி வரை மூடியிருந்த மரத்தை அறுத்துத் தள்ளி, கனத்தைக் குறைத்து, குறி பார்க்கும் பகுதியை மாற்றி, மானும் கரடியும் சுடுவதற்கு உகந்த வேட்டை ரைபிளாக்கிக் கொண்டார்கள். பர்மிங்காம் நகரத்துப் பார்க்கர்-ஹேல் கம்பெனியார் இதற்கு வேண்டிய சாமான்களை விற்றதோடு, தாமே மாற்றி முடித்த ரைபிள்களையும் விற்றார்கள். யுத்தத்து நரி இவ்வாறு விளையாட்டுப் பரியாயிற்று. அந்தப் பரிகளிற் பல இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

நம் நாட்டில் இந்த வித்தை ஏன் பரவவில்லை? வெள்ளைக்காரன் கொடுத்த ஆயுதத்தைவிட அவன் பிடுங்கிய ஆயுதமே இங்கு அதிகம். நம் சீமையையே எடுத்துக் கொள்ளலாம். 1801ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் தேதி மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். அந்த டிசம்பர் மாதத்திலேயே சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டு, பாளையக்காரர் சீமைகளில் ஆயுதங்கள் வைத்திருப்பதைத் தடுத்தான். 1878ஆம் ஆண்டில் லிட்டன் பிரபுவின் ஆயுதச் சட்டம் வந்தது. லைசென்ஸ் இல்லாமல் இந்தியன் துப்பாக்கி வைத்திருப்பது குற்றமாயிற்று. ஐரோப்பியருக்கோ அந்தத் தொல்லையில்லை. தன் வயலில் புகுந்த பன்றியை விரட்ட உழவனுக்குத் துப்பாக்கி இல்லை. அதே பன்றியை ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காகச் சுட்டு வீழ்த்தத் துரைமாருக்கு உண்டு. இந்த அவமானத்தை நம் தேசத் தலைவர்கள் மறக்கவில்லை. 1931ஆம் ஆண்டில் கராச்சி காங்கிரஸ் வகுத்த அடிப்படை உரிமைகளை அவ்வாண்டே பம்பாயிற் கூடித் திருத்தியபோது, ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக் கொள்ளும் உரிமையையும் சேர்த்தார்கள். ஆனால் 1948 டிசம்பரில், அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் அவ்வுரிமையை அரசியல் சட்டத்தில் சேர்க்கச் சொன்னபோது டாக்டர் அம்பேத்கர் அதற்கு இசையவில்லை; சபையும் ஏற்கவில்லை. தேசப் பிரிவினையின் இரத்தம் உலராத சமயம் அது. சபை செய்ததே சரி என்பது நம் அபிப்பிராயம். அந்நியன் ஆயுதத்தைப் பிடுங்கியது நம்மை அடக்குவதற்காக. நம்மவர் லைசென்ஸ் கேட்பது அடுத்த வீட்டுக்காரனைக் காப்பதற்காக. இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது தர்மமாகாது. ஒரு மனுவை மாதக் கணக்கில் மேஜைக்கு மேஜை நகர்த்தும் வழக்கத்துக்கு மட்டும் நாம் வக்காலத்து வாங்க மாட்டோம்.

ரைபிளின் குழலிலேயே இந்தச் சரித்திரம் பொறித்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பட்டாளத்துத் தோட்டா கலகக்காரர் கைக்குப் போனால் அது பயன்படக் கூடாது என்று கருதி, பட்டாளத்து அளவுள்ள ரைபிள்களைப் பொதுமக்கள் வைத்திருப்பதை இங்கே தடுத்தார்கள். பட்டாளத்தின் அளவு .303 அங்குலம். ஆகவே வேட்டைக்கு வேறு அளவுகள் வந்தன. கல்கத்தாவுக்கு அருகில் ஹூக்ளி நதிக்கரையில் உள்ள இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை, லீ-என்பீல்டின் அமைப்பையே வைத்துக்கொண்டு, குழலை மட்டும் .315 அங்குலமாக, அதாவது 8 மில்லிமீட்டராகச் செய்து விற்றது. எந்த நரி எந்தப் பரியாக வேண்டும் என்பதைத் தொழிற்சாலையே தீர்மானித்துவிட்டது! நம் தேசத்தில் லைசென்ஸ் பெற்ற வீடுகளிற் காணும் ரைபிளில் இதுவே மிகவும் பிரசித்தம். வெள்ளைக்காரனுக்கு இருந்த அச்சம், அவன் கப்பலேறிய பிறகும் ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதியாக நம் குழல்களில் தங்கி நிற்கிறது.

வேட்டை என்ற காரணமும் இப்போது இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. சேலம், தர்மபுரிப் பக்கத்துக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடித் திரிந்த கென்னத் ஆண்டர்சனின் காலம் திரும்பி வராது, வரவும் வேண்டாம். நமக்கு அண்டையிலே சிவகங்கை ஜில்லாவில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அங்கே கொள்ளுக்குடிப்பட்டி ஜனங்கள், கண்மாயில் தங்கும் நாரைகள் மிரண்டு போகுமென்று தீபாவளிக்குப் பட்டாசுகூடக் கொளுத்துவதில்லை. அப்படிப்பட்ட சீமையில் மயிலையும் கொக்கையும் குறி வைக்க ஒருவன் துப்பாக்கி வாங்குவானேயானால் அவனுக்கு இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. இனி ரைபிளுக்கு உரிய இலக்கு காகித அட்டைதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் குடும்பத் தலைவர்கள் அறிந்திருப்பது நலம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி வெடிமருந்துத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கட்டாயம். இருபத்தொரு வயது நிரம்ப வேண்டும். கிராமப்புறத்தில் இருப்பவர் ஜில்லா கலெக்டருக்கு மனுச் செய்யவேண்டும். போலீசார் விசாரித்து அறிக்கை கொடுப்பார்கள். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு சாதாரணக் குடிமகன் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கவேண்டும். இவ்வளவும் வாங்கி வைப்பதற்கு. கையை வைத்து மாற்றுவதற்கோ, குழலைக் குட்டையாக்குவதும், பொய்த் துப்பாக்கியை மெய்த் துப்பாக்கியாக்குவதும், ஒரு வகையை இன்னொரு வகையாக மாற்றுவதும் லைசென்ஸ் இல்லாதவருக்குக் கடுங்குற்றம். ஏழாண்டுக்குக் குறையாத சிறை. ஆயுள் தண்டனை வரை போகலாம். பழுது பார்த்தலும் லைசென்ஸ் பெற்றவர் செய்யவேண்டிய தொழிலே. ஆகவே கனடாக்காரன் கொல்லையில் செய்ததை நம் கொல்லையில் செய்ய நினைக்கிறவன், பரியை நரியாக்கி அந்த நரியைத் தன் மேலேயே ஏவிக் கொள்கிறான்.

அப்படியானால் பிள்ளையின் ஆசைக்கு வழியே இல்லையா? தாராளமாக இருக்கிறது. 4.5 மில்லிமீட்டர் குழலும், 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் கொண்ட காற்று ரைபிளுக்கு, 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் வேண்டியதில்லை. அடையாளச் சான்று காட்டி வாங்கலாம். பிந்த்ராவும் இளவேனிலும் பதக்கம் பெற்றது இந்த வகையைச் சேர்ந்த கருவியால்தான். இதிலும் இரும்பைத் தொடாதிருப்பது உத்தமம். மரத்தைத் தொடலாம், வீட்டு வேலைக்கு ருசியான பாகமும் அதுவே.

கடையில் வாங்கிய கட்டை யாரோ ஒரு சராசரி மனிதனுக்குச் செய்தது. அப்படி ஒரு மனிதன் உலகத்தில் எங்கும் இல்லை. முழங்கையை மடித்து, அதன் உட்புறத்தில் பின்கட்டையை வைத்துப் பார்த்தால் சுட்டுவிரல் விசையைச் சுகமாகத் தொடவேண்டும். விரல் எட்டாவிட்டால் கட்டை நீளம். முழங்கை நெருங்கினால் குட்டை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, ரைபிளைத் தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்து, அப்புறம் கண்ணைத் திறக்கவேண்டும். பின்குறி நேராகக் கண்ணுக்கு முன் நிற்குமானால் கட்டை பொருந்திவிட்டது. கழுத்தைத் தூக்கித் தேடவேண்டியிருந்தால் கன்னம் படும் இடத்துக்குக் கட்டை போதாது என்று அர்த்தம். அங்கே மெல்லிய மரத் தகட்டை அல்லது தோல் திண்டைச் சேர்த்து உயர்த்தலாம். வளரும் பிள்ளையானால் பின்முனையில் மரத் துண்டுகளைத் திருகாணியால் சேர்த்து வருஷத்துக்கு ஒன்று கூட்டிக் கொண்டே போகலாம். சட்டை தைக்கும் தையற்காரன் கணக்கும் இதுதான்.

புதிதாகவே கட்டை கடைய விரும்புகிறவர், எந்த மரம் என்று கேட்பார். உலகெங்கும் அக்ரூட் மரத்துக்கே முதலிடம். நமக்கு அது காஷ்மீரத்திலிருந்து வரவேண்டும். ஆனால் மதுரைச் சீமையில் சாலையோரமெல்லாம் நிழல் தரும் வாகை மரம், மர வியாபாரத்தில் 'கிழக்கிந்திய அக்ரூட்' என்ற பட்டத்தையே பெற்றிருக்கிறது. வெற்றி கொண்டவன் சூடிய வாகைப் பூவின் மரம், வெற்றிக்கு ஆசைப்படும் பிள்ளையின் கன்னத்துக்கு அணையாக இருப்பது பொருத்தமாகத்தான் இருக்கிறது. எந்த மரமாயினும் பச்சை மரம் உதவாது. ஓரங்குலக் கனத்துக்கு ஓராண்டு நிழலில் உலரவேண்டும் என்பது பழைய கணக்கு. கைப்பிடி மெலியும் இடத்தில் மர இழை பிடியோடு நேராக ஓடுகிறதா என்று பார்க்கவேண்டும். குறுக்கே ஓடினால் ஒருநாள் அங்கேதான் முறியும். இழைத்து முடித்த பின் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மிக மெல்லியதாகப் பூசி, உள்ளங்கைச் சூட்டினாலேயே தேய்த்து, ஒவ்வொரு பூச்சும் உலர்ந்த பிறகு அடுத்ததைப் பூசவேண்டும். அவசரக்காரருக்கு இது ஏற்ற வேலை அல்ல.

கன்னம் ஏன் நிலையாகப் படியவேண்டும் என்பதைப் பள்ளிக்கூடப் பிள்ளையும் முக்கோணம் போட்டு அறியலாம். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 75 சென்டிமீட்டர் என்று வைத்துக் கொள்வோம். அங்கே பொருத்தம் ஒரு மில்லிமீட்டர் பிசகினால், 10 மீட்டர் தூரத்து அட்டையில் 13 மில்லிமீட்டருக்கு மேல் பிசகும். போட்டி அட்டையில் பத்து மதிப்பெண் பெறும் நடுப்புள்ளியின் குறுக்களவோ அரை மில்லிமீட்டர்! இதைத் தெரிந்து கொண்டால், ஒரு தலைமுடி கனத்துக்கு மரத்தைச் சீவிச் சீவிப் பார்க்கிறவர்களைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள். பீஜிங்கில் இறுதிச் சுற்றுக்குச் சற்று முன் சுட்டுப் பார்த்தபோது பிந்த்ராவின் குறி வெகுவாக விலகியிருந்தது. பதறாமல் அதைத் திருத்திக் கொண்டு, கடைசிக் குண்டில் 10.8 எடுத்து வென்றார். தம் கருவியின் ஒவ்வொரு திருகாணியையும் அறிந்தவருக்கே அந்த நிமிஷங்களில் அது கூடும்.

சுடுவதற்கு இடம் தேடி அலையவேண்டியதில்லை. திண்ணையிலிருந்து கொல்லைக் கதவு வரை பத்து மீட்டர் ஓடுகிற பழைய வீடுகள் திருவாதவூர் போன்ற ஊர்களில் இன்னும் இருக்கின்றன. அட்டைக்குப் பின்னால் பழந்துணியை இறுக அடைத்த கனத்த மரப்பெட்டியும், அதற்குப் பின்னால் சுவரும் இருக்கவேண்டும். நடுவில் வாசற்படியோ சமையலறைக் கதவோ திறக்கக் கூடாது. சுடும் நேரத்தில் வீட்டார் அனைவரும் சுடுகிறவருக்குப் பின்னால் இருக்கவேண்டும். காற்றுத் துப்பாக்கிதானே என்று அலட்சியம் செய்தவர்களால் கண்ணிழந்த குழந்தைகள் உண்டு. ரவை ஈயத்தினால் ஆனது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பலகாரத் தட்டில் வைக்கலாகாது. ரைபிளைப் பீரோவில் பூட்டிச் சாவியைத் தாயாரிடம் ஒப்படைப்பது நம் வீடுகளின் வழக்கத்துக்கு ஒத்த ஏற்பாடு. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்துவிடாதீர்கள்; அது தானே சூடேறித் தீப்பற்றும். கொடியிலே விரித்துக் காயவிட்டு அப்புறம் எறியலாம்.