தேதி இழந்த படங்கள்

பழனி மலைத்தொடரில் நூறாண்டைக் கடந்த ஒளிப்படத் தொகுப்பு ஒன்று உண்டு. அதில் உள்ள ஒரே முகம் சூரியனுடையது. 1899இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில், 1904 முதல் வானம் தெளிந்த நாள்களிலெல்லாம் எடுக்கப்பட்ட கண்ணாடித் தகடுகளையும் படச்சுருள்களையும் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் நீளத்திலும் அகலத்திலும் 4096 புள்ளிகள் கொண்ட டிஜிட்டல் படங்களாக மாற்றி, எந்நாட்டு ஆய்வாளரும் எடுத்துக்கொள்ளுமாறு இணையத்தில் வைத்துள்ளது.

இத்தொகுப்பின் விந்தை, படத்தில் அன்று, படத்தோடு எழுதப்பட்ட நேரத்தில்தான் இருக்கிறது. சுழலும் கண்ணாடி வழியாகத் தொலைநோக்கிக்குள் அனுப்பப்படும் சூரிய பிம்பம் பொழுது ஏற ஏறத் தானும் சிறிது சிறிதாகத் திரும்புவதால், எடுத்த நேரம் தெரியாவிட்டால் அந்த வட்டத்தில் வடக்கு எது என்று கணக்கிடுவது அரிதாகிவிடும். சில தகடுகளில் நேரம் பிழையாக இருந்ததை ஆய்வாளர்கள் பின்னர் கண்டறிந்து திருத்த வேண்டியதாயிற்று.

இன்றைய கைபேசி நேரத்தைக் குறித்துவைக்கும் வேலையைக் கேளாமலே செய்கிறது. எடுத்த நாள், நேரம், கருவி, அனுமதித்தால் இடம் ஆகியவற்றை அது படக் கோப்புக்குள்ளேயே பொதிந்து வைக்கும். 1995இல் ஜப்பானில் வகுக்கப்பட்ட இம்முறைக்கு எக்ஸிஃப் என்று பெயர். 2016இல் கைவிடப்பட்ட பிகாசா முதல் இன்றைய கூகுள் போட்டோஸ் வரை, தொகுப்பு மென்பொருள்கள் படங்களை வரிசைப்படுத்துவது பெரிதும் இக்குறிப்பைக் கொண்டே.

ஆனால் படத்தை வழக்கம்போல வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது அது சுருக்கப்படுவதோடு இக்குறிப்பும் நீக்கப்படுகிறது. பெறுபவரின் கைபேசியில் கோப்புப் பெயரில் தோன்றும் தேதி, படம் வந்து சேர்ந்த நாளே. 2018இல் கொடைக்கானல் மலையில் பூத்த நீலக்குறிஞ்சியை அன்று படமெடுத்த, அம்மலையிலுள்ள கவுஞ்சி ஊர்க்காரர் ஒருவர் அதை 2023இல் உறவினருக்கு அனுப்பினால், பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூக்கும் அச்செடி இடையில் ஒருமுறை பூத்ததாகவே அந்த உறவினருடைய தொகுப்பு காட்டும். விதைப்பூண்டை ரகம் பாராமல் ஒரே மூட்டையில் கொட்டிவைக்க எந்த மலை விவசாயியும் சம்மதிக்கமாட்டார். ஊர்த் திருவிழாவும் பாட்டன் முகமும் மட்டும் அவ்வாறு கொட்டப்படுவது வருந்தத்தக்கது.

இதைத் தவிர்ப்பது எளிது. வாட்ஸ்அப்பிலேயே படத்தை டாக்குமெண்டாக அனுப்பினால் மூலக்கோப்பு குறிப்போடு செல்லும். படங்கள் பலவாயின் கூகுள் போட்டோஸில் ஆல்பமாக்கி இணைப்பை மட்டும் அனுப்பலாம். வீட்டில் எடுத்த படமானால் அதில் வீடிருக்கும் இடமும் பதிந்திருக்கக்கூடும் என்பதால், அறியாதவருக்குப் பகிருமுன் ஆல்பத்தின் அமைப்பில் இடக்குறிப்பை மறைத்துவிட வேண்டும்.