வாளைக் காம்பஸால் அளந்தவர்கள்: ஸ்பானிய வாள்வித்தையை முன்வைத்துச் சில குறிப்புகள்

வாள்சண்டை என்றதும் நமக்கு ஞாபகம் வருவது சினிமாதான். மேசைமேல் தாவுவது, சரவிளக்கில் தொங்குவது, மாடிப்படியில் பின்வாங்கியபடியே வசனம் பேசுவது. பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்பெயினில் உருவாகி இருநூறு வருஷத்துக்கு மேல் நீடித்த ‘வெர்தாதெரா தெஸ்த்ரேஸா’ என்கிற வாள்வித்தையில் இதில் எதுவும் கிடையாது. அதைப் பழகுகிறவர் நிமிர்ந்து நிற்கிறார். குதிகால்கள் நெருங்கியிருக்கின்றன. வலது கை தோள் உயரத்தில் நேராக நீண்டிருக்கிறது, கையின் தொடர்ச்சியாக வாளும். பதுங்கல் இல்லை, பாய்ச்சல் இல்லை. எதிராளியைச் சுற்றி நடக்கிறார், அவ்வளவுதான். 1599இல் லண்டனில் ஜார்ஜ் சில்வர் என்பவர் இத்தாலிய வாள் ஆசிரியர்களைத் திட்டித் தீர்ப்பதற்காகவே ஒரு நூல் வெளியிட்டார். அவரே ஸ்பானியர்கள் விஷயத்தில் கொஞ்சம் தயங்குகிறார். நடனத்துக்கு நிற்பவர்கள்போல் நிற்கிறார்கள், கால்கள் ஓயாமல் நகர்கின்றன, ஆனால் அந்த நிலையில் இருக்கும்வரை அவர்களைத் தொடமுடியாது என்று ஒப்புக்கொள்கிறார்.

‘வெர்தாதெரா தெஸ்த்ரேஸா’ என்றால் ‘உண்மையான திறன்’. விவகாரமே இந்த ‘உண்மையான’ என்கிற அடைமொழியில்தான் இருக்கிறது. ஒன்று தன்னை உண்மை என்று அறிவித்துக்கொள்கிறபோது பக்கத்தில் இன்னொன்று பொய்யாக்கப்படுகிறது. பொய்யாக்கப்பட்ட அந்த இன்னொன்றுக்கு ‘வுல்கார்’, அதாவது சாமானியருடையது, கீழானது என்று பெயர். அந்தப் பெயரை அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொள்ளவில்லை, எதிரிகள் வைத்தது.

செவில்லைச் சேர்ந்த ஹெரோனிமோ சான்செஸ் தெ கர்ரான்ஸா 1569இல் எழுதிமுடித்து 1582இல் சான்லூகார் தெ பர்ராமேதா நகரில் அச்சிட்ட, ஆயுதங்களின் தத்துவம் பற்றிய நூல்தான் இதற்குத் தொடக்கம். உரையாடல் வடிவில் எழுதப்பட்டது. அதன் வாதம் எளிமையானது: வாள்வீச்சு கைப்பழக்கம் அல்ல, விஞ்ஞானம். காரணம் தெரியாமல் செய்கிறவன் ஜெயித்தாலும் அது தற்செயல்; காரணம் தெரிந்து செய்கிறவனே ‘தியெஸ்த்ரோ’, திறனாளன். காரணம் என்றால் அரிஸ்டாட்டில் சொன்ன காரணம். அளவு என்றால் யூக்ளிட் சொன்ன அளவு. இதற்கு முன்பே 1553இல் ரோமில் கமில்லோ அக்ரிப்பா வாள்வித்தைக்குள் வடிவகணிதத்தைக் கொண்டுவந்திருந்தார். கர்ரான்ஸா அதை ஒரு முழுத் தத்துவமாக்கினார். அதுவரை ஸ்பெயினில் இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்து வந்தவர்கள் கைவினைஞர்களைப்போலத் தேர்வு எழுதி, ‘தேர்வுச் சீட்டு’ வாங்கி, அந்தச் சீட்டின் பலத்தில் பிழைத்தவர்கள். அவர்களுக்குச் சூத்திரமும் தேற்றமும் தெரியாது. ஆனால் கை தெரியும்.

வடிவகணிதம் இங்கே வெறும் அலங்காரமா? இல்லை, நிஜமாகவே ஏதாவது வேலை செய்கிறதா? ஒரு குடையை எடுத்துக்கொண்டு சுவரெதிரே நின்று பார்க்கலாம். தோளிலிருந்து கையை நேராக நீட்டினால் குடையின் முனை சுவரைத் தொடுகிற தூரத்தில் நில்லுங்கள். இப்போது காலை நகர்த்தாமல் கையைக் கொஞ்சம் மேலே தூக்குங்கள், அல்லது கீழே இறக்குங்கள். முனை சுவரை விட்டு விலகிவிடும். செங்கோண முக்கோணத்தில் செங்கோணத்துக்கு எதிர்ப்பக்கமே நீளமானது. தோளிலிருந்து நேராகச் செல்லும் கோடே சுவருக்கு மிகக் குட்டையானது. ஆகவே கை நேராக இருக்கிறவனுக்கு எட்டும் தூரம் அதிகம். இதை அவர்கள் ‘நேர்கோணம்’ என்றார்கள். அந்த விறைப்பான நிற்றல் வெறும் ஜம்பம் அல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது. (ஜம்பமும்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.)

அடுத்தது தூரம். இரண்டு பேரும் இப்படிக் கையை நீட்டி நிற்கும்போது ஒருவர் வாளின் முனை மற்றவரின் கைப்பிடிக் காப்பு வரைக்கும் வரவேண்டும், அதைத் தாண்டக்கூடாது. இதற்கு ‘விகிதத் தூரம்’ என்று பெயர். அங்கிருந்து கால் எடுத்து வைக்காமல் யாரும் யாரையும் குத்த முடியாது. இந்த இருவருக்கும் இடையில் தரையில் ஒரு வட்டம் இருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். இருவரும் அதன் விட்டத்தின் இரண்டு முனைகளில் நிற்கிறார்கள். விட்டத்தின்மேல் நேராக முன்னே போனால் எதிராளியின் வாள்முனையில் நீங்களே போய் ஏறிக்கொள்வீர்கள். பரிதியின் ஓரமாக, குறுக்காகக் கால் வைத்தால் உங்கள் முனை அவரை நெருங்கும். அவருடைய முனையோ நீங்கள் இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். பார்க்கிறவனுக்கு நடனம் மாதிரித் தெரிவது இந்தக் குறுக்கடிதான்.

வாளின் அசைவுகளையும் ஆறாகப் பிரித்தார்கள். மேலே போவது ‘வன்மையானது’, கீழே வருவது ‘இயற்கையானது’: கனமான பொருள் தன் இடமான கீழ்நோக்கி விழும் என்கிற அரிஸ்டாட்டிலின் பௌதிகம் அப்படியே வாளில் ஏறியிருக்கிறது. பக்கத்தில் விலகுவது, திரும்ப நடுவுக்கு வருவது, முன்னே போவது, பின்னே இழுப்பது என்று மற்ற நான்கு. வலமிருந்து ஒரு முழு வெட்டு வெட்ட வாளை விலக்கி, தூக்கி, இறக்க வேண்டும்: மூன்று அசைவு. நேராகக் குத்துவதற்கு ஒன்றே போதும். அந்த மூன்றில் முதல் அசைவு முடிவதற்குள் உங்கள் நெஞ்சில் ஒன்று இறங்கிவிடும். அரிஸ்டாட்டிலின் பௌதிகம் காலாவதியாகி ரொம்ப நாளாகிறது. ஆனால் இந்த எண்ணிக்கை இன்னும் செல்லுபடியாகிறது.

எனக்கு இதில் மிக நுட்பமாகத் தோன்றுவது ‘அதாஹோ’ என்கிற செயல். எதிராளியின் வாளை அடிப்பதில்லை, தட்டிவிடுவதில்லை. உங்கள் வாளை அதன்மேல் வைக்கிறீர்கள். உங்கள் வாளின் பலமான பகுதி அவர் வாளின் பலவீனமான பகுதிமேல் படவேண்டும். கைப்பிடிப் பக்கம் பலம், முனைப் பக்கம் பலவீனம் என்பது நெம்புகோல் விதி. ஆண்ட்வெர்ப்காரரான ஜெரார் திபோ 1630இல் வெளிவந்த தன் பிரம்மாண்டமான நூலில் வாளைப் பன்னிரண்டு பாகமாகப் பிரித்து எண் போட்டே காட்டினார். இப்படி வைத்த பிறகு எதிராளி உங்களைக் குத்தவேண்டுமானால் சுற்றுவழியில்தான் வரவேண்டும். உங்களுக்கோ வழி நேரானது. அவர் அமுக்குகிறாரா, விலகப்பார்க்கிறாரா என்பதை இரும்பின் வழியே உங்கள் விரல்கள் அறிகின்றன. ‘தாக்தோ’, தொடுகை என்றே இதைச் சொன்னார்கள். கண்ணால் பார்த்து முடிவெடுக்கிற நேரத்துக்கு முன்பே கை முடிவெடுத்திருக்கும். தேற்றங்களின்மேல் கட்டிய ஒரு விஞ்ஞானம் தன் உள்மையத்தில் எழுத முடியாத ஒரு புலனுணர்வை வைத்திருக்கிறது என்பது சாதாரண விஷயமல்ல. கைவினைஞனிடமிருந்து பிடுங்கியதைத் தத்துவவாதி கடைசியில் அவனுடைய விரலிடமே போய்க் கேட்கவேண்டியிருக்கிறது.

கர்ரான்ஸாவின் வழியில் வந்தவர் லூயிஸ் பச்சேகோ தெ நர்வாயேஸ். 1600இல் மூன்றாம் பிலிப்புக்குச் சமர்ப்பித்து இவர் வெளியிட்ட ‘வாளின் பெருமைகள்’ நூலின் தலைப்புப் பக்கமே ஒரு கொள்கை அறிக்கை. சொல்லித்தர ஆசிரியர் தேவையில்லை, இந்த நூலை வைத்துக்கொண்டு எவரும் தனியாகவே கற்றுக்கொள்ளலாம் என்கிறது அது. ஆசிரியர் தேவையில்லை என்று சொன்னவர் பிற்பாடு நான்காம் பிலிப்பின் வாள் ஆசிரியரானார். அதோடு நிற்கவில்லை. மற்ற ஆசிரியர்களைத் தேர்வு செய்யும் அதிகாரத்தையும் பெற்று, 1625இல் அவர்களுக்கான தேர்வுக் கேள்வி-பதில் நூலையும் எழுதினார். தெருவில், முற்றத்தில் கையால் கற்பித்தவர்கள் இனி அவருடைய புத்தகத்தை மனப்பாடம் செய்து ஒப்பித்தால்தான் பிழைப்பு. ஒரு பிரதி எப்படி அதிகாரமாகிறது என்பதைக் காட்ட இதைவிடத் துலக்கமான உதாரணம் கிடைக்காது. கடைசியில் தன் குருநாதரான கர்ரான்ஸாவையும் அவர் பிழைபட்டவராக ஆக்கினார். சீடர்கள் இரண்டு கட்சியானார்கள்.

இந்த நாடகத்தை அந்தக் காலத்து எழுத்தாளர்கள் கவனிக்காமல் விடவில்லை. 1615இல் வந்த ‘தோன் கிஹோத்தே’ இரண்டாம் பாகத்தின் 19ஆம் அத்தியாயத்தில் இரண்டு மாணவர்கள் இதற்காகவே மோதுகிறார்கள். ஒருவன் கணக்கும் கோணமும் படித்த பட்டதாரி. இன்னொருவனான கொர்ச்சுவேலோ தன் புஜபலத்தை நம்புகிறவன். படித்தவன் கொர்ச்சுவேலோவின் அங்கிப் பொத்தான்களை ஒவ்வொன்றாக எடுக்கிறான், அங்கியின் ஓரத்தை நார்நாராகக் கிழிக்கிறான், இரண்டு முறை தொப்பியைத் தட்டிவிடுகிறான். கொர்ச்சுவேலோ ஆத்திரத்தில் தன் வாளையே தூக்கி எறிய, அது முக்கால் லீக் தூரம் போய் விழுகிறது. செர்வாந்தெஸ் விஞ்ஞானத்தின் பக்கம்.

கெவேதோ அப்படியல்ல. 1626இல் அச்சான அவருடைய ‘புஸ்கோன்’ நாவலில் கோவேறு கழுதையை ஓரமாக நிறுத்திவிட்டு, புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துத் தரையில் கோடு போடுகிற ஒரு கிறுக்கர் வருகிறார். விடுதியில் வாளுக்குப் பதில் அகப்பையை வைத்துக்கொண்டு கோணம் காட்டுகிறார். அப்போது உள்ளே வருகிறவர் ஒரு வாள் ஆசிரியர்: கறுப்பு-வெள்ளைக் கலப்பில் பிறந்தவர், தேர்வுச் சீட்டு வைத்திருப்பவர். கிறுக்கர் புத்தகத்தைத் திறந்து, இது அரசரின் அனுமதியோடு அச்சிடப்பட்டது என்கிறார். காம்பஸை எடுத்து விரிகோணத்தை விளக்க ஆரம்பிக்கிறார். ஆசிரியருக்குக் கோணம் என்றால் யாரென்று தெரியவில்லை, விரி என்றால் யாரென்றும் தெரியவில்லை, கத்தியை உருவிவிடுகிறார். சிரிப்புக் காட்சிதான். ஆனாலும் புத்தகத்தோடு நிற்பவர் யார், கையோடு நிற்பவர் யார் என்று கெவேதோ சரியாகப் பிரித்து நிறுத்தியிருக்கிறார். அவர் இரண்டு பேரையுமே கேலிதான் செய்கிறார். அவருக்குச் சாமானியர்மேல் பிரியம் ஒன்றும் இருந்ததில்லை. கிறுக்கர் யாரென்று எல்லோருக்கும் புரிந்தது. பச்சேகோவுக்கும் புரிந்தது; அவர் கெவேதோவின் நூல்கள்மேல் மத விசாரணை மன்றத்தில் புகார் கொடுத்தார்.

இப்போது அந்த நிமிர்ந்த உடலுக்கு வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டு சிப்பாயின் உடலை எப்படிப் பயிற்சியால் செய்து எடுத்தது என்று ஃபூக்கோ 1975இல் எழுதினார். தெஸ்த்ரேஸாவின் உடல் அப்படிச் செய்யப்பட்ட உடல் இல்லை. கட்டளைக்கு அசைகிற உடலுக்கு நேர் எதிரானது அது. தனியாக நிற்கிறது, தானே அளக்கிறது, முதுகை வளைக்க மறுக்கிறது. முதுகு வளைவது உழைப்பவனுக்குரியது என்கிற எண்ணம் அந்தச் செங்கோணத்துக்குள் ஒளிந்திருக்கிறது. வாளின் நீளத்தையும் அரசுதான் தீர்மானித்தது: 1564இல் இரண்டாம் பிலிப்பின் ஆணைப்படி அலகு ஐந்து கால்-வாராவைத் தாண்டக்கூடாது, ஏறக்குறைய 104 சென்டிமீட்டர். கடல்தாண்டிய காலனிகளில் பூர்வகுடிகள் வாள் வைத்திருக்கவே தடை இருந்தது. ஆயுதங்களின் தத்துவத்தை எழுதிய கர்ரான்ஸா 1589இல் ஹோண்டுராஸுக்கு ஆளுநராகப் போனார் என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கலாம்.

அப்படியென்றால் இதை இன்றைக்குக் கற்பது ஒரு பிரபுத்துவக் கனவை மறுபடி காண்பதா? 1990களிலிருந்து ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பழைய வாள்வித்தைகளை மீட்டெடுக்கிற குழுக்கள் பெருகியிருக்கின்றன. தெஸ்த்ரேஸாவில் ஆசிரிய-மாணவத் தொடர்ச்சி அறுந்துபோனது. 1805இல் பிரேயா எழுதிய நூல்வரை பெயர் நீடித்தது, பிறகு பிரெஞ்சு, இத்தாலிய முறைகள் அந்த இடத்தை எடுத்துக்கொண்டன. ஆக, பச்சேகோ 1600இல் விளம்பரமாகச் சொன்னது இன்று வேறு வழியில்லாத நிலைமையாகிவிட்டது: புத்தகம் மட்டும்தான் இருக்கிறது. கற்பவர்கள் முகமூடியும் பஞ்சு வைத்த சட்டையும் போட்டுக்கொண்டு, முனையில் குமிழ் வைத்த வளையும் வாளோடு, ஒரு வாக்கியத்தை இரண்டு விதமாக வாசித்து இரண்டையும் உடலால் செய்து பார்க்கிறார்கள். ஒரு வாசிப்பு நடக்கும், இன்னொன்றில் குத்து வாங்குவார்கள். எதிரே நிற்பவர் ஒத்துழைத்தால் எந்த வாசிப்பும் சரியாகவே தெரியும். ஆகவே ஒத்துழைக்காத ஆள் அவசியம். நம்முடைய விமர்சனத்துக்கும் அப்படி ஒரு ஆள் இருந்தால் தேவலை என்று தோன்றுகிறது.

ஆனால் எந்தப் புத்தகம் மிஞ்சியது? ஹைமே போன்ஸ், பெத்ரோ தெ லா தோர்ரே, பிரான்சிஸ்கோ ரோமான் ஆகிய பழைய ஆசிரியர்களின் நூல்கள் தொலைந்துவிட்டன. அவற்றில் என்ன இருந்தது என்பது பச்சேகோ மறுப்பதற்காக எடுத்துச்சொன்ன அளவுக்குத்தான் தெரியும். எதிரியின் மேற்கோளில் மட்டும் உயிர்வாழ்வது. ரொம்ப காலம் ‘வுல்கார்’ முறையைப் பற்றிய நம் அறிவு முழுக்க அதன் எதிரிகள் கொடுத்ததாகவே இருந்தது. தெஸ்த்ரேஸா நூல்களை மட்டும் வைத்துப் பழகுகிறவர் வாள்வீச்சோடு சேர்த்து அந்த இகழ்ச்சியையும் பழகிக்கொள்கிறார். எதிர்த்தரப்பாக நிற்கும் ஆளை ‘வுல்கார்’ மாதிரி வெட்டு என்று சொன்னால், அவர் வேண்டுமென்றே முட்டாள்தனமாக வெட்டுவார். பச்சேகோ எழுதிவைத்த வேஷம் அது.

இந்த நிலையைக் கொஞ்சம் மாற்றியது தோமிங்கோ லூயிஸ் கொதின்யோ என்கிற போர்ச்சுக்கீசியர் 1599 தேதியிட்டு ஸ்பானிய மொழியில் எழுதிய கையெழுத்துப்படி. சாமானிய முறையை அதன் உள்ளிருந்து விவரிக்கிற நூல். தனி வாள், வாளும் கேடயமும், வாளும் குத்துவாளும், வாளும் மேலங்கியும், இரண்டு கையிலும் வாள், கடைசியில் ‘மொந்தாந்தே’ எனும் இருகைப் பெருவாள் என்று போகிறது. அதன் விதிகளின்படி ஒருவர் வெட்டும்போது எதிரே பச்சேகோவின் வட்டத்தில் நிற்பவர் அத்தனை சௌகரியமாக இருக்கமுடிவதில்லை. வெட்டுகள் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்து வருகின்றன, மூன்று அசைவு என்று எண்ணி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. மொந்தாந்தேவுக்கு 1651இல் தியோகோ கோமெஸ் தெ ஃபிகெய்ரெதோ எழுதிய குறிப்புகளும் கிடைக்கின்றன. அதில் தேற்றம் ஒன்றும் கிடையாது. ஒடுங்கிய தெருவில் முன்னும் பின்னும் ஆட்கள் வந்தால் எப்படி வீசுவது, கப்பலின் நடைபாதையில் எப்படி, தரையில் கிடக்கும் மேலங்கியைக் காப்பது எப்படி, ஒரு பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூட்டத்தைத் தடுப்பது எப்படி என்று பல விதிகள் ஒரு சூழ்நிலையைச் சொல்கின்றன. எந்தக் காலை எடுத்து வைப்பது என்று சொல்லி முடிந்துவிடுகின்றன.