ஸ்லஷ் மெஷினுக்கு எவ்வளவு சீனி?

பாளையங்கோட்டையில் நான் வழக்கமாகப் போகும் ஜூஸ் கடையில், அக்னி நட்சத்திரம் உச்சத்தில் இருந்த ஒரு நாள், ஸ்லஷ் மெஷினின் பாதி நின்றுபோனது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தொட்டிகள். ஆரஞ்சுத் தொட்டியில் பனிக்குழம்பு எப்போதும்போல் புரண்டு புரண்டு சுழன்றுகொண்டிருந்தது. நீலத் தொட்டியில் மட்டும் சுருள் திருகு நாலு விரல்கடை நகரும், 'கிரீச்' என்று முனகும், நிற்கும். கடைக்கார அண்ணாச்சி அதன் சுவிட்சை அணைத்துவிட்டு மெக்கானிக்குக்கு போன் போட்டார். "மோட்டார் போயிட்டுடே, சீக்கிரம் வா."

வந்த தம்பி ஸ்பேனரை எடுக்கவில்லை. நீலத் தொட்டியிலிருந்து ஒரு டம்ளர் குழம்பைச் சுரண்டி எடுத்தார். பையிலிருந்து பேனா டார்ச் அளவில் ஒரு உலோகக் குழாயை வெளியே எடுத்து, அதன் முனையில் இருந்த கண்ணாடிச் சரிவில் டம்ளரின் அடியில் கசிந்திருந்த நீரை இரண்டு சொட்டு விட்டு, மூடியைச் சாய்த்து, தெரு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். மேலே நீலம், கீழே வெள்ளை. இரண்டும் சந்திக்கும் கோடு 26-ல் நின்றது. "இதை நம்பிராதீய சார்" என்று சொல்லிவிட்டு, டம்ளரை வெயிலில் வைத்தார். பனி முழுக்கக் கரைந்ததும், கலக்கிவிட்டு, மறுபடி இரண்டு சொட்டு. இப்போது கோடு 8-ல். ஆரஞ்சையும் அதேபோல் உருக்கிப் பார்த்தார். 13.

"மெஷின்ல ஒண்ணுமில்ல அண்ணாச்சி. நீலத்துல சீனியைக் குறைச்சியளோ?"

அண்ணாச்சி ஒப்புக்கொண்டார். "ரொம்ப இனிக்குன்னு ரெண்டு மூணு பேரு சொன்னாவ. சுகர் உள்ளவங்களும் வாராவ. நல்லதுதானேன்னு நாலு நாளா குறைச்சுப் போடுதேன்."

அந்த 26, 8, 13 என்ற மூன்று எண்களில்தான் இந்த மெஷினின் முழுக் கதையும் இருக்கிறது. கோளாறு என்று நாம் கூப்பிடுவதில் பெரும்பகுதி இரும்பில் இல்லை, கலவையில்தான் இருக்கிறது என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

ஸ்லஷ் மெஷினுக்குக் கொடுக்கப்பட்டிருப்பது விசித்திரமான வேலை. ஃப்ரீஸர் தண்ணீரை உறைய வைக்கிறது, ஃப்ரிட்ஜ் குளிர வைக்கிறது. இதுவோ உறையத் தொடங்கி, பாதியில் நின்று, நாள் முழுக்க அந்தப் பாதியிலேயே இருக்க வேண்டும். தொட்டியின் நடுவே படுத்திருக்கும் உருளைக்குள் குளிர் வாயு ஓடுகிறது. அதன் புறப்பரப்பில் படியும் மெல்லிய பனியை, சுற்றிவரும் சுருள் திருகு வழித்து வழித்துக் கலவைக்குள் தள்ளுகிறது. எங்கே நிறுத்த வேண்டும் என்று மெஷினுக்கு யார் சொல்கிறார்கள்? தெர்மோஸ்டாட்டும், திருகு படும் இறுக்கத்தை உணரும் சுவிட்சும் ஓரளவுக்குச் சொல்கின்றன. ஆனால் அவற்றுக்கு முன்பே அந்த வேலையைச் செய்வது கரைந்திருக்கும் சீனி.

தண்ணீரில் எதைக் கரைத்தாலும் அது உறையும் வெப்பநிலை இறங்கும். எவ்வளவு கரைக்கிறோமோ அவ்வளவுக்கு இறங்கும். இதை 1788-ல் சார்லஸ் பிளாக்டன் அளந்து காட்டினார். நூறு ஆண்டுக்குப் பின் பிரான்சின் ராவுல் இதை மூலக்கூறுக் கணக்காக்கினார். நம் குல்பி வண்டிக்காரர்கள் பானையில் ஐஸோடு கல்லுப்பை அள்ளிப் போடுவதும் இதே விதியை நம்பித்தான்.

சீனித் தண்ணீர் உறையும்போது இன்னொன்று நடக்கிறது. பனிப் படிகம் தண்ணீரை மட்டும் சேர்த்துக்கொள்கிறது, சீனியை வெளியே தள்ளிவிடுகிறது. அதனால் பனி கூடக்கூட, மிச்சமிருக்கும் நீர் மேலும் மேலும் தித்திப்பாகிறது. தித்திப்பு ஏற ஏற, உறையும் வெப்பநிலை இன்னும் கீழே போகிறது. தொட்டியின் குளிர் மைனஸ் 2 டிகிரி என்றால், எஞ்சிய நீரில் சீனி நூற்றுக்குச் சுமார் 27 பங்கு ஆகும்வரை பனி பிடிக்கும், பிறகு தானாக நின்றுவிடும். உருக்காமல் விட்ட முதல் சொட்டில் நாங்கள் பார்த்த 26 இதுதான். எந்தத் தொட்டியில் எடுத்தாலும், குளிர் ஒன்றாக இருந்தால், அந்த எண்ணும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். கலவையில் எவ்வளவு சீனி போட்டோம் என்பதை அது சொல்லவே சொல்லாது. மெக்கானிக் தம்பி டம்ளரை வெயிலில் வைத்தது அதனால்தான். சின்னப் பிள்ளைகள் ஸ்ட்ராவால் கடைசிவரை உறிஞ்சிவிட்டு, அடியில் வெளுத்துக் கிடக்கும் பனியைக் காட்டி "கலர் போயிடுச்சு" என்பார்களே, அதற்கும் காரணம் இதேதான். சாயமும் சீனியும் எசன்ஸும் படிகத்துக்கு வெளியே இருப்பதால், ஸ்ட்ராவோடு போய்விடுகின்றன.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். மைனஸ் 2 டிகிரியில், ஒரு கிலோ கலவையில் சீனி நூற்றுக்கு 13 பங்கு இருந்தால் சுமார் 520 கிராம் பனியாகும். பாதி பனி, பாதி பாகு. திருகு சுகமாகச் சுற்றும். 20 பங்கு இருந்தால் 260 கிராம்தான் பனி. தொளதொளவென்று ஓடும், எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் கெட்டியாகாது. 8 பங்கு என்றால் 700 கிராம் பனி. அதற்கு மேல் குழம்பு என்ற பேச்சே இல்லை. படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, உருளையைச் சுற்றிக் கல்லாகப் பிடித்துக்கொள்ளும். திருகு அதை உடைக்கப் பார்க்கும், முனகும். சுவிட்ச் காப்பாற்றினால் தப்பியது. இல்லையென்றால் பிளாஸ்டிக் திருகு உடையும், அல்லது மோட்டாரின் பல்சக்கரம் தேயும். அண்ணாச்சி நல்ல மனதோடு குறைத்த அந்தச் சீனி, மெஷினைப் பொறுத்தவரை ருசிக்கான பொருளே அல்ல. அது எண்ணெய் போல, பிரேக் போல ஒரு பாகம்.

கூட்டம் நெருக்கும் மாலையில் கலவை தீரப்போகிறதே என்று ஒரு சொம்பு பச்சைத் தண்ணீரை ஊற்றுகிற பழக்கமும் இதே இடத்தில்தான் கொண்டுபோய் விடும்.

அந்தக் குழாயின் பெயர் ரிஃப்ராக்டோமீட்டர். சீனி கூடினால் ஒளி அதிகமாக வளையும், அதை அளக்கிறது. அளவுக்குப் பெயர் பிரிக்ஸ், 19-ஆம் நூற்றாண்டின் ஜெர்மானியர் அடால்ஃப் பிரிக்ஸின் பெயர். பெரும்பாலான ஸ்லஷ் மெஷின்களுக்கு 12, 13 பிரிக்ஸுக்குக் குறையாத கலவை வேண்டும். ஸ்லஷ் விற்கிற ஒவ்வொரு கடையிலும் இந்தக் கருவி ஒன்று தொங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மெஷினில் பாதி உறைந்த சோடா பிறந்ததே ஒரு பழுதிலிருந்துதான். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், காஃபிவில் ஊரில், ஓமர் நெட்லிக் என்பவர் டெய்ரி குயின் கடை நடத்தினார். 1950-களின் பிற்பகுதியில் அவருடைய சோடா மெஷின் மக்கர் செய்தது. சோடா பாட்டில்களை ஃப்ரீஸரில் போட்டு வைத்தார். எடுத்துக் கொடுத்தபோது பாதி உறைந்திருந்தது, வாங்கியவர்கள் அதையே மறுபடி கேட்டார்கள். கார் ஏசியின் பாகங்களைக் கொண்டு அவர் ஒரு மெஷினை உருவாக்கப் பார்த்தார். டாலஸில் இருந்த ஜான் இ. மிட்செல் கம்பெனி அதைச் செய்து முடித்தது. அதுதான் ஐசீ. 1960-களின் நடுவில் செவன் லெவன் கடைகள் அதை வாங்கி 'ஸ்லர்பி' என்று விற்றன. ஸ்லர்பி மெஷினைப் பார்த்த டாலஸ் உணவகக்காரர் மரியானோ மார்டினஸ், 1971-ல் ஒரு சாஃப்ட் ஐஸ்கிரீம் மெஷினை மாற்றியமைத்து மார்கரிட்டா மதுவை உறைய வைத்தார். ஆல்கஹாலும் உறைநிலையை இறக்கும் என்பதால் அங்கே கணக்கு இன்னும் நுட்பமானது. அந்த மெஷின் இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

கல்லாகிப் போவதற்கு நேர் எதிரான புகாரும் உண்டு: நாள் முழுக்க ஓடுகிறது, கெட்டியாகவே மாட்டேன் என்கிறது. உடனே 'கேஸ் போயிட்டு' என்பார்கள். சில நேரம் உண்மைதான். ஆனால் அதற்கு முன் மெஷினின் பக்கவாட்டில் இருக்கும் தகட்டுச் சல்லடையைக் கழற்றிப் பாருங்கள். குளிர வைப்பது என்றால் தொட்டியின் வெப்பத்தை எடுத்து வெளிக்காற்றில் கொட்டுவது. அதைக் கொட்டும் இடம் கண்டன்ஸர். கடைத்தெருவின் தூசியும் பக்கத்து வடைச்சட்டியின் எண்ணெய்ப் புகையும் சேர்ந்து அதில் கம்பளிபோல் படிந்துவிட்டால் வெப்பம் போக வழியில்லை. சுவரோடு ஒட்டி மெஷினை வைத்தாலும் இதே கதி. தானே விட்ட அனல் காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும். ஒரு சாண் இடைவெளி விடுங்கள், வாரம் ஒருமுறை பிரஷ்ஷால் தட்டுங்கள். எதிர்வெயில் விழும் முகப்பில் வைக்காதீர்கள்.

ஊற்றுகிற கலவையின் சூட்டையும் கவனிக்க வேண்டும். 32 டிகிரியில் இருக்கும் 12 கிலோ கலவையைக் குழம்பாக்க எடுக்க வேண்டிய வெப்பத்தில், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதை 5 டிகிரிக்குக் கொண்டுவரவே போய்விடுகிறது. அந்த வேலையை முந்தின இரவே ஃப்ரிட்ஜிடம் விட்டுவிட்டால், காலையில் ஒரு மணி நேரத்துக்குக் கிட்ட மிச்சம். தொட்டி பாதிக்குக் கீழே இறங்கும்வரையும் விடக்கூடாது. உருளையின் மேல்பக்கம் வெளியே தெரிந்தால், அங்கே வறட்டுப் பனி பிடிக்கும், திருகு காற்றை அடித்து நுரை கிளப்பும்.

கரண்ட் போய் வருவது நம் ஊருக்கே உரிய சோதனை. ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரஸருக்குள் ஒரு பக்கம் அழுத்தம் கூடுதலாக, மறுபக்கம் குறைவாக இருக்கும். கரண்ட் போன கையோடு திரும்பி வந்தால், அந்த அழுத்தத்தை எதிர்த்து அதனால் எழ முடியாது. 'ம்ம்' என்று உறுமி, 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டு அடங்கும். பயந்து திரும்பத் திரும்ப சுவிட்சைப் போடுபவர்கள்தான் உண்மையிலேயே கம்ப்ரஸரைச் சுடுகிறார்கள். ஐந்து நிமிடம் பொறுத்துப் போட்டால் போதும். சாயங்கால லோ வோல்டேஜுக்கு ஸ்டெபிலைசர் தேவை.

தொட்டிக்கு அடியில் சொட்டுச் சொட்டாகக் கசிந்தால் பெரும்பாலும் ரப்பர் சீல் உலர்ந்திருக்கும். உணவுக்குரிய கிரீஸ் தடவ வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவும் கடைகளைப் பார்த்திருக்கிறேன். 24 டிகிரிக்குக் கீழே அது மெழுகாகிவிடும், இந்த மெஷினுக்குள் அதனால் ஒரு பயனும் இல்லை. தினமும் கழுவுவதைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குளிர் கிருமிகளைக் கொல்வதில்லை, மந்தமாக்குகிறது, அவ்வளவுதான். குழாய் வாய்க்குள்ளும் சீலுக்குப் பின்னும் ஒட்டியிருக்கும் பாகில் அவை காத்திருக்கும். குழந்தைகள் குடிக்கிற பானம் இது.

குழந்தைகள் என்றதும் அண்ணாச்சி அன்று கேட்ட கேள்வி நினைவுக்கு வருகிறது. "அப்போ சீனியைக் குறைக்கவே வழியில்லையா?"

வழி ஒன்றைப் பிரிட்டனில் கண்டுபிடித்தார்கள். 2018 ஏப்ரலில் அங்கே சீனி போட்ட குளிர்பானங்களுக்கு வரி வந்தது. சீனியைக் குறைத்தால் மெஷின் கல்லாகும் என்பதால், பல ஸ்லஷ் தயாரிப்பாளர்கள் கிளிசராலைச் சேர்த்தார்கள். அதன் மூலக்கூறு சீனியைவிட மிகச் சிறியது. ஒரே எடையில் மூன்றரை மடங்குக்கு மேல் எண்ணிக்கை கிடைக்கும், உறைநிலை அந்த அளவுக்கு இறங்கும். மெஷினுக்கு நல்லதுதான், குழந்தையின் உடலுக்கு அல்ல. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஸ்லஷ் குடித்த கொஞ்ச நேரத்தில் மயங்கி, ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து மருத்துவமனைக்கு வந்த 21 சிறு குழந்தைகளைப் பற்றிய ஆய்வு 2025-ல் மருத்துவ இதழில் வெளியானது. அதே ஆண்டு பிரிட்டனின் உணவுத் தர அமைப்பு, கிளிசரால் உள்ள ஸ்லஷை 7 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தரவே வேண்டாம் என்று அறிவித்தது. 'சுகர் ஃப்ரீ' என்று எழுதிய சிரப் கேனை வாங்கும் கடைக்காரர்கள், சீனிக்குப் பதில் அதில் என்ன இருக்கிறது என்று லேபிளை ஒருமுறை படித்துவிட வேண்டும்.

சீனியிலும் ஒளிக்க ஒன்றுமில்லை. 13 பிரிக்ஸ் ஸ்லஷ் 300 கிராம் குடித்தால் 39 கிராம் சீனி உள்ளே போகிறது. குளிரில் நாக்கு மரத்துப்போவதால் அவ்வளவு தித்திப்பு தெரிவதில்லை.

அன்று மெக்கானிக் தம்பி நீலத் தொட்டியை உருகவிட்டு வடித்தார். 12 கிலோ இருந்தது. அதை 8-லிருந்து 13-க்குக் கொண்டுவர 700 கிராம் சீனி. வடித்த கலவையிலேயே கரைத்து, ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்து, திரும்ப ஊற்றினார். ஒரு மணி நேரம் வெறும் நீலத் தண்ணீர் சுழன்றது. பிறகு உருளையின் ஓரத்தில் பால்போல் ஒரு மங்கல் தெரிந்தது, மெல்லக் கனத்தது, திருகின் முதுகில் ஏறிப் புரண்டது. முனகல் இல்லை.

அடுத்த வாரம் போனபோது கடையில் பெரிய கப்புகளைக் காணவில்லை. 200 மில்லி கப் அடுக்கியிருந்தது, விலையும் அதற்கேற்பக் குறைந்திருந்தது. "சீனியைக் குறைக்கத்தானே கூடாது, கப்பைக் குறைக்கலாம்லா?" என்றார் அண்ணாச்சி. ஆணியில் புதுசாக ஒரு ரிஃப்ராக்டோமீட்டர் தொங்கியது. பள்ளிக்கூடம் லீவு விட்ட பிள்ளைகள் இரண்டு பேர் அதை வாங்கி, தெரு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, கோடு எங்கே நிற்கிறது என்று மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.